எழுதுபவர் பெயர்

என் லேப்டாப்பின் திரை கெட்டுப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்தே எனக்குப் பார்வை கிடையாது. லேப்டாப் என்னோடு பேசும், நான் விசைகளைத் தட்டுவேன், எங்களுக்குள் இருக்கும் உறவு அவ்வளவுதான். திரை வாசிப்பான் என்ற மென்பொருள் எழுத்தையெல்லாம் குரலாக்கிக் காதில் சொல்லிவிடும். அந்தக் குரல் ஒழுங்காக வந்துகொண்டிருந்தவரை அந்தக் கருவிக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

குறை தெரியவந்த இடம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் அறை. அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் துறைத் தேர்வு எழுத வேண்டிய நாள். காலை ஒன்பது மணி ஐந்து நிமிடம். தேர்வு பத்து மணிக்கு.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. நான் ஒரு அரசு அலுவலகத்தில் பதினோரு வருடமாக இளநிலை உதவியாளர். அடுத்த படிக்குப் போக இந்தத் தேர்வில் தேறியாக வேண்டும். பார்வையில்லாதவர்களுக்கு ஸ்க்ரைப் என்று ஓர் ஆளைக் கொடுப்பார்கள். நாம் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். தேர்வு முடிந்ததும் ஒரு படிவம் நிரப்புவார்கள். அதில் ‘தேர்வர் பெயர்’ என்று ஒரு கட்டம், ‘எழுதுபவர் பெயர்’ என்று இன்னொரு கட்டம். அந்த இரண்டாவது கட்டத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் தடவை எனக்கு வாய்த்தவர் பிச்சமுத்து, ஐ.டி.ஐ. மாணவர், வையம்பட்டிப் பக்கத்து ஆள். தங்கமான மனிதர். ஒவ்வொரு எழுத்தையும் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பதுபோல எழுதினாராம். மணி அடித்தபோது மூன்று கேள்வி பாக்கி. போயிற்று.

இரண்டாவது தடவை ஷெர்லின். காலேஜ் முதல் வருடப் பெண். வேகமாக எழுதினாள். தற்காலிக நீக்கத்தில் இருக்கும் ஊழியருக்கு விடுப்பு அளிக்கலாமா என்று ஒரு கேள்வி. கூடாது என்று சொல்லி, விதி எண்ணையும் சொன்னேன். வெளியே வந்ததும் அவளே ஆசையாக வந்து சொன்னாள். “அக்கா, அந்தக் கேள்விக்கு நீங்க மறந்துபோய் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. பாவம், சஸ்பெண்ட் ஆன மனுசனுக்கு லீவு கூடவா குடுக்க மாட்டாங்க? நான் அளிக்கலாம்னு மாத்தி எழுதிட்டேன்.” இரண்டு மதிப்பெண்ணில் தோற்றேன். அந்தப் பெண்ணின் இரக்க குணத்தை அன்றைக்கு நான் வாழ்த்தவில்லை.

அதோடு முடிவு செய்தேன், இனி என் பதிலை நான்தான் எழுதுவேன் என்று. எனக்கு விரல் இருக்கிறது. தட்டச்சில் எங்கள் அலுவலகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை. சொந்த லேப்டாப்பில் தேர்வு எழுத அனுமதி கேட்டுப் பதினான்கு மனு போட்டேன். ஒன்றேகால் வருடம் கழித்து அனுமதிக் கடிதம் வந்தது. என் கணவர் அன்புச்செல்வன் அதைப் படித்துக் காட்டியபோது நாங்கள் குடியிருக்கும் கைலாசபுரம் குவார்ட்டர்ஸே அதிரும்படி கத்தினேன். கடிதத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. பதிவு செய்த லேப்டாப்பைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. இன்டர்நெட் இருக்கக் கூடாது. தேர்வு நேரம் முழுவதும் திரை கண்காணிப்பாளரின் பார்வைக்குத் தெரிய வேண்டும். முதல் இரண்டைப் பற்றித்தான் நான் கவலைப்பட்டேன்.

இப்போது அந்த அறைக்கு வருவோம். தலைமைக் கண்காணிப்பாளர் ராமானுஜம் சார் என் லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஆன் ஆனது. குரல் வழக்கம்போல வணக்கம் சொன்னது.

“என்னம்மா, ஒண்ணுமே தெரியலையே? கருப்பா இருக்கு.”

“அது நான் வெச்சிருக்கறது சார்” என்று சிரித்தேன். ஆபீஸில் நான் என்ன தட்டுகிறேன் என்று முதுகுக்குப் பின்னால் வந்து எட்டிப்பார்க்கும் கூட்டம் ஒன்று உண்டு. எனக்கு எதிரில் இருக்கும் திரையை எல்லோரும் படிக்கலாம், என்னைத் தவிர. என்ன நியாயம் இது? அதனால் திரையைக் கருப்பாக்கி வைத்திருப்பேன். திரை வாசிப்பானிலேயே அதற்கு ஒரு வசதி இருக்கிறது. லேப்டாப்பை எப்போது திறந்தாலும் தானாகக் கருப்பாகிவிடும்படி வைத்திருந்தேன். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தி அதை எடுத்துவிட்டேன்.

“இப்போ பாருங்க சார்.”

ராமானுஜம் சார் தொண்டையைச் செருமினார்.

“அம்மா... கோடு கோடா இருக்கே. பச்சை, ஊதா எல்லாம். நடுவுல ஒரு எழுத்துகூடப் படிக்க முடியல.”

என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். “அட, அதே கோடு” என்றார் சாதாரணமாக.

“அதே கோடுன்னா?”

“போன பொங்கலப்பவே பாத்தேன் அனு. நீதான் எப்பவும் ஸ்க்ரீனக் கருப்பாக்கி வெச்சிருப்பியே. அன்னிக்குக் கோடா இருந்துச்சு. நீ ஏதோ புதுசா செட்டிங் மாத்தியிருக்கேன்னு நெனச்சேன்.”

இந்த மனிதர் தொழிற்சாலையில் நாற்பது டன் கிரேன் ஓட்டுகிறார். கம்பியில் ஒரு இழை விலகினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் மூன்று மாதமாகப் பச்சையும் ஊதாவுமாகக் கோடு ஓடியிருக்கிறது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டுவதற்கு அப்போது நேரமில்லை. பிறகு என்று ஒத்திவைத்தேன்.

ராமானுஜம் சார் கெட்டவர் இல்லை. குரலிலேயே தெரிந்தது, அவருக்கும் சங்கடம். “நான் என்னம்மா பண்றது? ஸ்க்ரீன் தெரியணும்னு ஆர்டர்லயே இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா, நான் பாக்கலைன்னு கையெழுத்துப் போட முடியுமா? நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்கோ. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஸ்க்ரைப் வரச் சொல்லியிருக்கா. ஏம்மா, இங்க வா.”

செருப்புச் சத்தம் கேட்டது. மல்லிகைப்பூ வாசனையோடு யாரோ வந்து நின்றார்கள்.

“அக்கா, நான்தான் ஷெர்லின். இந்தத் தடவ எதையும் மாத்த மாட்டேன், சத்தியமா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினான்கு மனு, ஒன்றேகால் வருடம், கடைசியில் மறுபடியும் ஷெர்லின். எனக்கு எதற்குமே பயன்படாத ஒரு பொருள், அந்தத் திரை, அது கெட்டுப்போனதால் என் கையிலிருந்து தேர்வு நழுவுகிறது. லேப்டாப்பைத் தூக்கிக் காவிரியில் போட்டால் என்ன என்றிருந்தது.

“சார், எத்தனை மணி வரைக்கும் எனக்கு டைம் தருவீங்க?”

“ஒன்பதே முக்காலுக்கு ஹால்ல உக்காரணும். அதுக்குள்ள ஆச்சுன்னா சரி. இல்லேன்னா இந்தப் பொண்ணுதான்.”

முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. “ஒரு போன் பண்ணிக்கிறேன் சார்” என்றேன். ஹாலுக்குள்தான் போன் கூடாது என்று அவரே சொல்லி ஸ்பீக்கரில் போடச் சொன்னார். நான் அழைத்தது பாலக்கரை உஸாமா பாயை. பழைய லேப்டாப்புகளை வாங்கி, குரல் போட்டு, எங்களைப் போன்றவர்களுக்குத் தயார்செய்து தருபவர். அவருக்கும் பார்வை கிடையாது. என் லேப்டாப் அவர் கொடுத்ததுதான். ஏதோ ஒரு டிராயிங் ஆபீஸில் பெரிய பெரிய பாய்லர் படங்களைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்த கருவி. அவர்கள் கழித்துக்கட்டியதில் இவர் ஏழெட்டு வாங்கினார். படத்துக்கென்றே தனி கிராபிக்ஸ் கார்டு வைத்தது. “உனக்கு எதுக்கு தங்கச்சி கிராபிக்ஸ் கார்டு, சும்மா சூடாத்தான் ஆகும்” என்று தரும்போதே கிண்டல் செய்தார். பன்னிரண்டு வயதான கருவி.

விஷயத்தைச் சொன்னேன்.

“வேற மானிட்டர் மாட்டிப் பாத்தியா?” என்றார்.

பள்ளிக்கூட லேபிலிருந்து ஒரு மானிட்டரை என் கணவர் தூக்கி வந்து மாட்டினார். “இதுலயும் அதேதான். இன்னும் பெருசா, பளபளன்னு தெரியுது” என்றார்.

“அப்ப ஸ்க்ரீன் மேல தப்பு இல்ல. கார்டு போயிடுச்சு” என்றார் உஸாமா பாய். “ஆனா பதறாத தங்கச்சி. ப்ராசஸருக்குள்ளயே சின்னதா இன்னொரு கிராபிக்ஸ் இருக்கு. அத யாரும் தொடவே இல்ல, புதுசா அப்படியே கிடக்கும். கார்ட அணைச்சுட்டு அதுக்கு மாத்திவிட்டா ஸ்க்ரீன் வந்துடும்.”

“எங்க மாத்தணும்?”

“அதுலதான் சிக்கல். ஆன் பண்ணின உடனே எஃப் ஒன் அழுத்தினா ஒரு மெனு வரும். அங்க விண்டோஸே முழிச்சிருக்காது. நம்ம குரலும் வராது.”

பார்வையுள்ளவர்களுக்கு அங்கே கோடுதான் தெரியும், எனக்கு அங்கே குரல் கிடையாது. ராமானுஜம் சார் பெருமூச்சு விட்டார். ஆனால் உஸாமா பாய் விடவில்லை. ஒருதரம் தன் மைத்துனரை உட்காரவைத்து அந்த மெனுவை வரிவரியாகப் படிக்கச் சொல்லி, எந்த அம்பை எத்தனை தடவை அழுத்த வேண்டும் என்று பிரெய்லில் குறித்து வைத்திருக்கிறாராம். அதே மாதிரி லேப்டாப் ஒன்று அவர் கடையிலேயே இருந்தது. அதை எதிரில் வைத்துக்கொண்டார்.

எண்ணிக்கை என்று சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. எண்ணுவதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. என் வாழ்க்கையே எண்ணிக்கையில்தான் ஓடுகிறது. வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு இருநூற்றுப் பதினாறு அடி. ஆபீஸ் மாடிக்கு இருபத்திரண்டு படி, பன்னிரண்டாவதில் திருப்பம். இதில் நாலு அம்பு எண்ண முடியாதா?

லேப்டாப்பை அணைத்து ஆன் செய்தேன். விசிறி சுழலும் சத்தம் வந்ததும் எஃப் ஒன்னைத் தட்டிக்கொண்டே இருந்தேன். பீப் என்று ஒரு சத்தம். “உள்ள வந்துட்டே” என்றார் உஸாமா பாய். “வலது அம்பு ஒண்ணு. கீழ நாலு. எண்டர். இப்ப கீழ மூணு தடவை அழுத்து, மூணாவதுக்குப் பீப் அடிக்கும். அதுக்கு மேல வரி இல்லன்னு அர்த்தம்.”

அழுத்தினேன். பீப் வரவில்லை.

“நிறுத்து நிறுத்து! எதையும் தொடாத!” என்று கத்தினார். “அது வேற இடம். பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைச்சுடு. சேவ் பண்ணலையே, ஒண்ணும் ஆகாது. தப்பான இடத்துல மாத்தி சேவ் பண்ணினோம்னா லேப்டாப் எழுந்திருக்காமலே போயிடும் தங்கச்சி.”

அணைத்தேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். ராமானுஜம் சார் மெதுவாக, “ஒன்பது இருபத்தெட்டும்மா” என்றார்.

“பாய், நீங்க இறங்கற மெனுவுல மொத்தம் எத்தனை வரி? பீப் வரவரைக்கும் எண்ணுங்க.”

அவர் தட்டுவது போனில் கேட்டது. “ஏழு.”

நான் மறுபடி உள்ளே போய் எண்ணினேன். என்னுடையதில் எட்டு. ஒரு வரி அதிகம்.

“அல்லாவே, உன்னுதுல விரல்ரேகை வைக்கிற பட்டை இருக்கே! அதுக்கு ஒரு வரி கூடியிருக்கும்” என்றார். “ஆனா அது மேல இருக்கா கீழ இருக்கான்னு தெரியாதே. டிஸ்ப்ளேன்னு ஒரு வரிக்குள்ள நாம போகணும். நாலுல பீப் வரல, அஞ்சாத்தான் இருக்கணும், ஆனா உறுதியா எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“டிஸ்ப்ளேவுக்குள்ள எத்தனை வரி பாய்?”

“மூணே வரி. அதுக்கு முன்னாடி இருக்கிறதுல எல்லாம் நெறைய இருக்கும். ஆனா மூணு வரியான்னு நீ பீப்ப வெச்சு எண்ணினா இன்னொரு ஆபத்து, சில இடத்துல அம்பு பட்டாலே அளவு மாறிடும். யாராவது பாத்துச் சொன்னா நல்லது.”

“கோட்டுக்குள்ள எதைப் பாக்கறது?” என்றார் என் கணவர்.

அப்போது ஷெர்லின் வாயைத் திறந்தாள். “அக்கா, எழுத்துத் தெரியல. ஆனா நீங்க அம்பு அழுத்தும்போது வெள்ளையா ஒரு பட்டை கீழ இறங்குது. நீங்க எண்டர் தட்டினப்ப வேற பக்கம் வந்துச்சு. வரிவரியா இருக்கறது மட்டும் தெரியுது. படிக்கத்தான் முடியல.”

“எண்ண முடியுமா?”

“முயற்சி பண்றேன்க்கா.”

அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். “இங்க பாரு ஷெர்லின். நீ என்ன நெனக்கிறேங்கறது எனக்கு வேண்டாம். உனக்குப் பாவமா இருக்கா, நல்லா இருக்கா, எதுவும் வேண்டாம். கண்ணுக்கு என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லு. புரியுதா?”

“புரியுதுக்கா” என்றாள். நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப்போட்டாள். போன தடவையை அவளும் மறக்கவில்லை போலிருக்கிறது.

அணைத்து மறுபடி உள்ளே போனேன். வலது ஒன்று. கீழே நாலு. எண்டர்.

“நெறைய வரி. ஏழு, எட்டு... ஒன்பது.”

எஸ்கேப் தட்டி வெளியே வந்தேன். கீழே இன்னும் ஒன்று. எண்டர்.

“இது கொஞ்சம்தான்க்கா. நாலுன்னு நெனக்கிறேன்.”

“நெனக்காத! எண்ணு!”

என் சத்தத்தில் ராமானுஜம் சாரே நாற்காலியை நகர்த்திக்கொண்டார். ஷெர்லின் திரையில் விரல் வைத்து எண்ணுவது எனக்குக் கேட்டது, நகம் கண்ணாடியில் டொக் டொக்கென்று பட்டது.

“மூணு. மூணுதான்க்கா. நாலாவதுன்னு நான் பாத்தது கோடு. மூணே மூணு.”

“சாட்சிக்கு நானும் பாக்கறேன்” என்று ராமானுஜம் சார் எழுந்து வந்து குனிந்தார். “மூணு. ரங்கா, மூணேதான்.”

அந்த நேரத்தில் அந்த அறையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. பார்வையுள்ள மூன்று பேர் என்னைச் சுற்றி நின்று, நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போனில் பாலக்கரையிலிருந்து வழிகாட்டுபவருக்கும் பார்வையில்லை, விசையைத் தட்டும் எனக்கும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திரையைச் சரிசெய்துகொண்டிருந்தோம்.

“அதேதான் தங்கச்சி!” உஸாமா பாயின் குரலும் ஏறிவிட்டது. “கீழ ஒண்ணு. எண்டர். ஒரு சின்னப் பெட்டி வரும். மேல அம்பு ஒண்ணு. எண்டர். எஃப் பத்து. மறுபடி எண்டர். பிஸ்மில்லா சொல்லித் தட்டு.”

கீழே ஒன்று. “பட்டை இறங்கிச்சு” என்றாள் ஷெர்லின். எண்டர். “பெட்டி வந்துச்சு.” மேலே ஒன்று. “ஒண்ணு மேல போச்சு.” எண்டர். எஃப் பத்து. ஒரு விநாடி விரலை அப்படியே வைத்திருந்தேன். தப்பாகியிருந்தால் லேப்டாப்பும் போகும், தேர்வும் போகும். தட்டினேன்.

விசிறி நின்றது. எல்லாமே அடங்கிவிட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு டிக் என்று ஒரு சத்தம், விசிறி மறுபடி சுழன்றது.

“அட!” என்றார் ராமானுஜம் சார். “அட ரங்கா! கோட்டையே காணோம்! என்ன பளிச்சுன்னு இருக்கு பாருங்கோ!”

ஷெர்லின் கைதட்டிவிட்டாள். என் கணவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். “வந்துடுச்சு அனு, மலை, ஏரி எல்லாம் தெரியுது!” விண்டோஸ் திறக்கும்போது வரும் படமாம். மூன்று வருடமாக என் லேப்டாப்பில் மலையும் ஏரியும் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். போனில் உஸாமா பாய் “அல்ஹம்துலில்லாஹ்” என்று நாலு தடவை சொன்னார்.

கடவுச்சொல்லைத் தட்டினேன். லேப்டாப்பின் குரல் வணக்கம் சொன்னது.

உடனே எல்லோரும் ஒரே நேரத்தில் “ஐயோ!” என்றார்கள்.

“போச்சும்மா” என்றார் ராமானுஜம் சார், தன் சொத்தே போனதுபோல. “ஒரேயடியாக் கருப்பாயிடுத்து. இப்போ கோடுகூட இல்ல.”

என் கணவர் போனை நோக்கி, “பாய், மொத்தமா போயிடுச்சு பாய்!” என்று அலறினார். ஷெர்லின் விசும்ப ஆரம்பித்தாள். குரல் மட்டும் காதில் ஜம்மென்று பேசிக்கொண்டிருந்தது. அப்புறம் மண்டையில் உறைத்தது.

நெற்றியில் அடித்துக்கொண்டேன். “யாரும் அழாதீங்க. அது நான் வெச்சிருக்கற கருப்பு.”

லேப்டாப்பை எப்போது திறந்தாலும் தானாகக் கருப்பாகும்படி வைத்தவள் நானேதான். அணைத்து ஆன் செய்ததும் அது தன் கடமையைச் செய்துவிட்டது. மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன்.

“வந்துடுத்து” என்றார் ராமானுஜம் சார், நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தபடி. “அம்மா, எனக்கு பிரஷர் இருக்கு. இனிமே இப்படியெல்லாம் பண்ணாதீங்கோ.”

மணி ஒன்பது நாற்பத்தொன்று.

ஹாலில் எனக்குத் தனி மேசை. ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டேன். ராமானுஜம் சாரே எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். வேறு யாரையும் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஆபீஸில் முதுகுக்குப் பின்னால் ஆள் நின்றால் எனக்கு எரிச்சல் வரும், அன்று வரவில்லை. நன்றாகப் பாருங்கள் சார், ஒரு எழுத்து விடாமல் பாருங்கள் என்றுதான் இருந்தது.

பத்து மணிக்கு மணி அடித்தது. பென்டிரைவில் தந்த கேள்வித்தாளைக் குரல் படித்தது. நான் தட்ட ஆரம்பித்தேன்.

இப்படி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை. மனதில் ஒரு வாக்கியம் உருவாகும்போதே விரலுக்கு வந்துவிட்டது. நடுவில் ஆள் இல்லை. ‘அக்கா, மறுபடி சொல்லுங்க’ இல்லை, ‘இதுக்கு எந்த ற வரும்’ இல்லை. ஒரு பதிலை எழுதி, பிடிக்காமல் அழித்து, வேறுமாதிரி எழுதினேன். ஸ்க்ரைபிடம் இதைச் செய்ய முடியாது, மூன்றாவது தடவை மாற்றினால் உச்சுக் கொட்டுவார்கள். நான் வேண்டுமென்றே ஒரு வாக்கியத்தை நாலு தடவை மாற்றினேன். தற்காலிக நீக்கம் பற்றிய கேள்வி வரவில்லை. வந்திருந்தால் ‘கூடாது’ என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருப்பேன்.

கடைசிக் கேள்வியை முடித்தபோது இன்னும் இருபது நிமிடம் இருந்தது. முழுவதையும் முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் எழுதியது எழுதியபடியே இருந்தது. இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தேன், போட்டேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. முப்பத்தாறு வயதில் என் பரீட்சைத் தாளை நானே திருப்பிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மணி அடித்ததும் ராமானுஜம் சார் அதைப் பென்டிரைவில் எடுத்து, அச்சிட்டு, உறையில் போட்டு ஒட்டினார். பிறகு அந்தப் படிவத்தை எடுத்தார். காகிதத்தின் சரசரப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவருகில் என் கணவரும் ஷெர்லினும் நின்றிருந்தார்கள். வேலை இல்லையென்று ஷெர்லினைப் பத்து மணிக்கே போகச் சொல்லியும் அவள் போகவில்லையாம்.

ராமானுஜம் சார் சொல்லிக்கொண்டே எழுதினார். “தேர்வர் பெயர், அனுசுயா.” பேனா நகர்ந்தது. “எழுதுபவர் பெயர்...” பேனா நின்றது. “இதை என்னம்மா பண்றது? கோடு போட்டு விட்டுடட்டுமா?”

“கோடெல்லாம் காலையிலயே போதும் சார்” என்றேன். “அதுலயும் அனுசுயான்னே எழுதுங்க.”

பேனா அழுத்தமாக ஓடும் சத்தம் கேட்டது. நாலு எழுத்து. நான் எண்ணினேன்.